கானா ரசிகர்களுக்கு ஒரு மைக்செட்காரரின் திறந்த மடல்

வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு, தண்டையார்பேட்டை, ஓட்டேரி என்று எங்கெங்கோ கூடி உட்கார்ந்து கானாவை, சாவு வீட்டிலும் தெருவிலும் பாடுகிற நம் வடசென்னைப் பாட்டைப் பற்றிப் பேசுகிற அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும், எப்போதாவது வந்து கடைசி வரிசையில் உட்காருகிற தங்கச்சிகளுக்கும்,

வணக்கம். நான் கொருக்குப்பேட்டையில் மைக்செட் வாடகைக்கு விடுகிறவன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், சாவு, படத்திறப்பு எல்லாவற்றுக்கும் செட் போட்டிருக்கிறேன். உங்கள் கானா கூட்டங்களுக்கும் போட்டிருக்கிறேன். மைக்செட்காரன் ஆம்ப்ளிஃபயரைத் திருகிக்கொண்டு நிற்பான், என்ன பேசுகிறார்கள் என்று கவனிக்கமாட்டான் என்று பலர் நினைக்கிறீர்கள். எங்களுக்கு அங்கே வேறு என்ன வேலை? எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நிற்கிறோம்.

கேட்டதில் ஒன்று மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பாடகரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறீர்கள். அவர் கட்டிய பாட்டைப் பற்றிப் பேச ஆளே இல்லை.

ஒரு மூத்த கானா பாடகரைக் கூப்பிட்டு மேடையில் உட்காரவைக்கிறீர்கள், மாலை போடுகிறீர்கள். சரி. முதல் கேள்வி என்ன? "அண்ணே, உள்ளே இருந்திருக்கீங்களா?" அடுத்தது குடி. அதற்கடுத்து பிளாட்பாரத்தில் படுத்த கதை. இவர்களுக்கு என்ன கதை வேண்டும் என்று நாலாவது கேள்வி வருவதற்குள் அவருக்கே பிடிபட்டுவிடும். கொஞ்சம் ஏற்றிவைத்துச் சொல்வார். விசில் பறக்கும். கடைசியில் "ஒரு பாட்டு பாடுங்கண்ணே" என்பீர்கள். அவர் பாட ஆரம்பித்ததும் பாதிப் பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்க்கிறீர்கள். அந்த வரியை எங்கிருந்து பிடித்தார், யாருக்காக முதலில் பாடினார், மெட்டு யாருடையது, யாரிடம் கற்றுக்கொண்டார், இதையெல்லாம் ஒருவரும் கேட்பதில்லை.

சாவு வீட்டில் அந்த மனிதர் எப்படி வேலை செய்கிறார் என்பதை நான் பார்த்திருக்கிறேன். தெருவில் சாமியானா போட்டாகிவிட்டது, ஃப்ரீசர் பாக்ஸ் வந்துவிட்டது, பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்துகொண்டிருக்கின்றன. பாடகர் வந்ததும் மைக்கைத் தொடமாட்டார். இறந்தவரின் மச்சானையோ கூட வேலை பார்த்தவரையோ தனியாக ஓரம் கட்டுவார். பேர் என்ன, தெருவில் எப்படிக் கூப்பிடுவார்கள், ஹார்பரா மார்க்கெட்டா, பிள்ளைகள் எத்தனை, எந்தப் பிள்ளை மேல் பிரியம் அதிகம், யாரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார், எந்த மீன் பிடிக்கும். பேப்பர் பேனா எதுவும் கிடையாது. ஒரு டீ குடிப்பார். டோலக்காரரிடம் சினிமாப் பாட்டு ஒன்றின் முதல் வரியை முணுமுணுத்துக் காட்டுவார். மெட்டு முடிவாகிவிடும். அப்புறம் தாளமே இல்லாமல் ஒரு தொகையறாவை இழுத்து எடுப்பார். தெரு அடங்கும். டோலக் விழும்.

ஒரு முறை இறந்தவர் லோடுமேன். கடைசி மகளின் பெயரும் அவர் மூட்டை தூக்கிய கொடவுன் இருந்த தெருவின் பெயரும் ஒரே ஓசையில் முடியும். நாங்கள் எல்லோரும் வருஷக்கணக்கில் இரண்டு பெயரையும் சொல்லிக்கொண்டுதான் இருந்தோம், யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கு டீ குடிக்கிற நேரத்தில் தோன்றியது. இரண்டு பெயரையும் அடுத்தடுத்த வரியில் வைத்துப் பாடினார். பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த தம்பி கூட்டத்தின் ஓரத்திலிருந்து எழுந்து பாக்ஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். விடியும் வரை பாட்டு ஓடியது.

இந்தத் திறமையைப் பற்றி உங்கள் கூட்டங்களில் ஒருவராவது பேசியிருக்கிறீர்களா?

இன்னொன்று. கானாவில் பாடகர் தன் பெயரையும் ஏரியாவையும் குருவின் பெயரையும் பாட்டுக்குள்ளேயே வைப்பார். கீர்த்தனையின் கடைசிச் சரணத்தில் தியாகராஜர் பெயர் வந்தால் சபாவில் அதை முத்திரை என்று மரியாதையாகச் சொல்வார்கள். நம் ஆள் வைத்தால் மட்டும் "பில்டப்பு" என்று சிரிக்கிறீர்கள். அவருக்கு இருந்த ஒரே பதிவேடு அந்த வரிதான். அதையும் அடுத்து பாடுகிறவர் எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொள்கிறார். மெட்டு இடிக்காமல் பெயர் பொருந்திவிட்டால் போதும், பாட்டு கைமாறிவிடுகிறது. அப்புறம் நீங்கள் "இது எங்க ஏரியா பாட்டு", "இல்லை, எங்க அண்ணன் பாட்டு" என்று நாற்காலியைத் தூக்குகிறீர்கள். (என் நாற்காலி. உடைந்தால் காசு வருவதில்லை.) சண்டை போடுகிற நேரத்தில் பழைய கேசட்டையும் மெமரி கார்டில் கிடக்கும் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். எந்த இடத்தில் பெயர் மாறியிருக்கிறது என்று காது காட்டிக்கொடுக்கும்.

உங்களில் ஒரு தம்பி இருக்கிறார். அமெரிக்க நாட்டுப்பாடல்காரர்களைப் பற்றிக் கேட்டால் ஊர், தேதி, கிட்டாரில் எத்தனை நரம்பு என்பது வரை சொல்வார். லெட் பெல்லி என்பவரைப் பற்றி எனக்குச் சொன்னதும் அவர்தான். சொந்தப் பெயர் ஹடி லெட்பெட்டர், கறுப்பினத்தவர், பன்னிரண்டு நரம்பு கிட்டார் வாசித்தவர். 1933இல் லூசியானாவில் அங்கோலா சிறையில் இருந்தபோது ஜான் லோமாக்ஸும் அவர் மகன் ஆலனும் பாட்டு சேகரிக்கப் போன இடத்தில் அவர் பாடியதைப் பதிவு செய்தார்கள். அடுத்த வருஷம் விடுதலை. கவர்னருக்குப் பாட்டுப் பாடியே வெளியே வந்துவிட்டார் என்று ஒரு கதை கட்டப்பட்டது. அதற்கு முன்னால் டெக்சாஸில், 1925இல், கவர்னருக்குப் பாடி மன்னிப்பு வாங்கியவர்தான் அவர். லூசியானாவில் கிடைத்ததோ நன்னடத்தைக்காகக் கைதிகளுக்குக் கிடைக்கிற சாதாரணத் தண்டனைக் குறைப்பு. ஆனால் கதைதானே விற்கும்? 1935இல் எடுத்த செய்திப்படத்தில் அவருக்கு மறுபடி கைதி உடுப்பை மாட்டி நடிக்கவைத்தார்கள். அந்த மனிதருக்குப் பிடித்தது கோட்டும் சூட்டும். 1949 டிசம்பரில் இறந்துபோனார். அடுத்த வருஷமே அவர் பாடிப் பரப்பிய 'குட்நைட் ஐரீன்' பாட்டை வேறு ஒரு குழு பாடி அமெரிக்கா முழுக்க முதலிடத்தில் ஓடியது.

இதைச் சொல்லும்போது அந்தத் தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். இடைவேளையில் என் செட்டில் ஒரு பழைய கானா ஓடிக்கொண்டிருந்தது. "இது யார் எழுதினது தம்பி?" என்று கேட்டேன். தெரியவில்லை. எழுதியவர் இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருக்கிறார்.

தம்பியைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அந்த ஊர் ரசிகர்கள் ஐரீன் பாட்டைத் தோண்டிக்கொண்டே போய், லெட் பெல்லி அதைச் சொந்தக்காரர் ஒருவரிடம் கற்றார், அதற்கும் முன்னால் 1886இலேயே கஸ்ஸி டேவிஸ் என்பவர் அச்சில் ஒன்று வெளியிட்டிருக்கிறார் என்பது வரை தெரிந்துவைத்திருக்கிறார்கள். ரசிகன் நினைத்தால் இவ்வளவு செய்யலாம். அதே கிறுக்கை இங்கே கொஞ்சம் காட்டுங்கள் என்கிறேன்.

சினிமா விஷயத்திலும் உங்கள் பேச்சு ஒரே தடத்தில் போகிறது. தொண்ணூறுகளில் தேவா கானாவைப் படத்துக்குப் படம் கொண்டுபோனார். 2006இல் 'சித்திரம் பேசுதடி' படத்தில் கானா உலகநாதன் திரையிலேயே வந்து பாடினார். 2012இல் 'அட்டகத்தி' வந்தபிறகு கானா பாலா வீட்டுக்கு வீடு தெரிந்த குரலானார். இதெல்லாம் உங்களுக்குத் தலைகீழ் மனப்பாடம். பாலா சட்டம் படித்தவர் என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை, ஏனென்றால் அது நீங்கள் எதிர்பார்க்கிற 'படிக்காத மேதை' கதைக்குள் அடங்காது. 2018 ஜனவரியில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கீழ்ப்பாக்கத்தில் மேடை ஏறியபோது அந்தக் குழுவில் இருந்த ஒரே பெண் இசைவாணி. 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. அதற்குப் பிறகும் உங்கள் கூட்டத்தில் அவரைப் பற்றி வரும் கேள்வி, "பொண்ணு எப்படி கானா பாட வந்துச்சு?" என்பதுதான். எப்படிப் பாடுகிறார் என்று எப்போது கேட்கப்போகிறீர்கள்?

பெண்கள் என்றதும் சொல்லவேண்டியது இருக்கிறது. சாவு வீட்டில் ஆண்கள் வெளியே டோலக்கைக் கட்டுவதற்கு முன்பே உள்ளே ஒப்பாரி தொடங்கிவிடும். கட்டிப்பிடித்து அழுதுகொண்டே அந்த அம்மாக்கள் சொல்கிற வரிகள் அங்கேயே பிறந்தவை. வெளியே இருக்கிற பாடகர் காதைக் கொடுத்துக் கேட்டு, இரண்டு வரியை எடுத்துத் தன் பாட்டில் கோத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். தப்பென்று சொல்லமாட்டேன், பாட்டு அப்படித்தான் வளரும். ஆனால் எந்தக் கூட்டத்திலாவது ஒப்பாரி பாடுகிற ஒரு அம்மாவை மேடையில் உட்காரவைத்திருக்கிறீர்களா?

நம் பக்கத்துக்குப் பாட்டு ஒன்றும் புதுசு இல்லை. பெற்ற தாயின் சிதைக்கு முன் நின்று பட்டினத்தார் பாடியதாகச் சொல்லப்படும் பாடல்களை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அவருடைய சமாதி திருவொற்றியூரில், கடலோரத்தில். தொண்டியிலிருந்து வந்த குணங்குடி மஸ்தான் சாகிபு 1838இல் காலமானதும் இதே வடசென்னையில்தான். வள்ளலார் ஏழுகிணற்றுப் பக்கம் வீராசாமித் தெருவில் இருந்துகொண்டு ஒற்றியூருக்குப் போய்ப் பாடினார். இவர்களை யாரும் முதலில் "எத்தனை நாள் பட்டினி?" என்று கேட்டுவிட்டுப் பாட்டுக்கு வருவதில்லை.

அப்புறம் காசு. பாடகர்கள் ஏமாந்ததைக் கதையாகச் சொல்லி உச்சுக்கொட்டுகிறீர்களே, சட்டத்தையும் ஒருமுறை சொல்லிக்கொடுங்கள். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி பாட்டை எழுதியவருக்கு உரிமை தானாகவே வந்துவிடுகிறது, பதிவு செய்தே ஆகவேண்டும் என்பதில்லை. அவர் ஆயுள் முழுக்கவும் அதற்குப் பிறகு 60 வருஷமும் அது இருக்கும். கையெழுத்துப் போட்டு எழுதிக்கொடுத்தால்தான் இன்னொருவருக்குப் போகும். எத்தனை வருஷத்துக்கு என்று பத்திரத்தில் எழுதாமல் விட்டால் 5 வருஷம் என்றே கணக்கு. 2012இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, சினிமாவுக்குக் கொடுத்த பாட்டு தியேட்டருக்கு வெளியே ஓடிச் சம்பாதிக்கும் ராயல்டியில் எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் பங்கு உண்டு. அதைப் பட நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்தாலும் செல்லாது. மெட்டு சினிமாவிலிருந்து எடுத்தது என்றால் மெட்டுக்கு உரிமை கேட்க முடியாது. வரி அவருடையது, அதற்குக் கேட்கலாம். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்க வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு ரசிகன் நின்று "இருங்கண்ணே, படிச்சுட்டுப் போடலாம்" என்று சொன்னால் போதும்.

நீங்கள் பகிர்கிற மரண கானா வீடியோக்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாட்டு ஒரு குடும்பத்துக்காகக் கட்டியது. அதில் ஒரு பெண்பிள்ளை தலைவிரித்து அழும் முகத்தைப் பெரிதாக்கிப் போடுவது ரசனையில் சேராது. வீட்டாரைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் குரலை மட்டும் எடுத்துவையுங்கள். அதற்கும் மறுத்தால் விட்டுவிடுங்கள்.

இனி பாட்டைப் பகிரும்போது பாடியவர் பெயரோடு எழுதியவர் பெயரையும், எந்தத் தெரு என்பதையும், மெட்டு எங்கிருந்து வந்தது என்பதையும் கீழே ஒரு வரி போடுங்கள். தெரியாவிட்டால் தெரிந்தவரைத் தேடிப் போங்கள். இந்த ஏரியாவில் எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம், ஒரு டீக்கடையில் விசாரித்தால் வீட்டைக் காட்டிவிடுவார்கள். ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெரியவர்களிடம் பாட்டை முழுதாக வாங்கி எழுதுங்கள், எந்தச் சாவில், யாருக்கு, டோலக் யார் என்பது உட்பட. அவர்களுக்கு நேரம் கொடுங்கள். காலையில் போனால் பேசமாட்டார்கள், ராத்திரி பாடிவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்த கூட்டத்துக்குச் செட் என் பொறுப்பு, வாடகை வேண்டாம். மேடையில் மூன்று பேரை உட்காரவையுங்கள்: ஒரு பாடகர், அவருடைய டோலக்காரர், ஒப்பாரி சொல்கிற ஒரு அம்மா. சிறையைப் பற்றிக் கேட்கிறவரின் மைக்கை நான் அணைத்துவிடுவேன், அதை இப்போதே சொல்லிவைக்கிறேன். ஜெனரேட்டர் டீசலுக்கு மட்டும் உங்களுக்குள் பிரித்துக்கொள்ளுங்கள். நாற்காலி உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மைக்செட்காரன்,
கொருக்குப்பேட்டை