‘சாயல்’ என்று எழுதி அனுப்பாதீர்கள்

மாற்றுத்திறனாளி சான்றிதழ் வழங்கும் மருத்துவக் குழுவினருக்கு,

வணக்கம். முகாம் நாளில் உங்கள் மேசைக்கு முன் எவ்வளவு நீளமான வரிசை நிற்கும் என்று எங்களுக்குத் தெரியும். ஆனாலும் சென்ற முகாமில் ஏழு வயதுப் பையன் ஒருவனுக்கு எழுதித் தந்த சீட்டைப் பற்றிக் கேட்காமல் இருக்க முடியவில்லை. ‘ஏடிஎச்டி, ஆட்டிசச் சாயல்’ என்று ஒரே வரி; அதாவது கவனச்சிதறலும் மிகைத் துறுதுறுப்பும், கூடவே கொஞ்சம் ஆட்டிசம் போல. ஆட்டிச மதிப்பெண்ணும் இல்லை, குறைபாட்டுச் சதவீதமும் இல்லை.

சாயல் என்றால் உண்டா, இல்லையா? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 குறைபாட்டு வகைகளில் ஆட்டிசம் இருக்கிறது. ஏடிஎச்டி என்ற பெயர் இல்லை. சாயலுக்கு உதவித்தொகை தரும் திட்டம் எதுவும் எங்களுக்குத் தெரிந்து கிடையாது.

‘ஏடிஎச்டி, ஆட்டிசம் இரண்டையும் சேர்த்து எழுதக் கூடாது’ என்று முகாமில் பெற்றோரிடம் சொன்னார்களாம். அது மனநல நிலைகளை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்மின் நான்காம் பதிப்பு விதி. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு அந்தத் தடையை நீக்கிவிட்டது.  இரண்டு நிலைகளும் ஒரே பிள்ளையிடம் இருப்பது அபூர்வமும் அல்ல.

ஆட்டிசத்தை மதிப்பிடும் நம் நாட்டு அளவுகோலான ஐஎஸ்ஏஏவில் 40 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 70க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை. 70 வந்தாலே 40 சதவீதக் குறைபாடு. சலுகைகளுக்கான கதவு அங்கேதான் திறக்கிறது. பெற்றோரிடம் விசாரிக்காமல் இதை நிரப்ப முடியாது. அறைக்குள் ஓடுகிற பிள்ளையை ஐந்து நிமிடம் பார்த்தால் துறுதுறுப்பு மட்டும்தான் கண்ணில் படும். தண்ணீர் வேண்டுமென்றால் அந்தப் பையன் விரல் நீட்டிக் காட்டுவதில்லை. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பாட்டில் மேல் வைக்கிறான். முகத்தை நிமிர்ந்து பார்ப்பதுகூட இல்லை. கேட்டால்தானே அம்மா இதைச் சொல்வார்? ஆகவே கேட்டு, மதிப்பெண் போட்டு எழுதுங்கள்.

பேசாத பிள்ளைக்குப் பேச்சுவழி ஐக்யூ சோதனை வைத்து ‘அறிவுசார் குறைபாடு’ என்று முடிப்பதும் இதே அவசரம்தான். படிவத்தின் தமிழோ ஆட்டிசத்தை இன்னும் ‘புற உலகச் சிந்தனையற்ற’ என்கிறது! பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் ஒளிகிற பிள்ளைக்கா புற உலகம் எட்டவில்லை? அந்தப் பெயரை வைத்தவர்கள் நீங்கள் இல்லை, மன்னியுங்கள்.

நாங்கள் கேட்பது இதுதான். ஆட்டிசம் இருந்தால் ஆட்டிசம் என்றும், இல்லையென்றால் இல்லை என்றும் எழுதுங்கள். கூடவே இருக்கும் ஏடிஎச்டி, வலிப்பு, அறிவுசார் குறைபாடு ஒவ்வொன்றுக்கும் தனி வரி கொடுங்கள். மொத்த மதிப்பெண்ணும் சீட்டில் இருக்கட்டும்.

அந்தப் பையனை அடுத்த முகாமுக்கு ஒருமுறை திரும்ப அழைக்க வேண்டுகிறோம். வீட்டில் எடுத்த வீடியோக்களை அவன் அம்மா போனில் வைத்திருக்கிறார். பத்து நிமிடம் ஒதுக்கிப் பாருங்கள்.

இப்படிக்கு,
சிறப்புக் கல்வியாளர்கள் சிலர்