கோவைக் குற்றாலத்தில் ஊன்றுகோல் கொடுத்த ஐயாவுக்கு

மார்கழிக் குளிரில் கோவைக் குற்றாலம் போயிருந்தோம். சாடிவயல் தாண்டி, சிறுவாணி மலையடிவாரத்தில் குழந்தைகளும் நடக்கக்கூடிய காட்டுப்பாதைதான். ஆனால் பாதி வழியில் அம்மாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. யானை நடமாடும் காடு, தனியாக உட்கார வைத்துவிட்டுப் போகவும் முடியாது.

குரங்குக் குல்லா போட்டிருந்த நீங்கள் "இந்தாங்கம்மா" என்று உங்கள் ஊன்றுகோலையே நீட்டினீர்கள். "மெதுவா வாங்க, அருவி எங்கியும் போயிராதுங்" என்று சொல்லி, உடன் வந்தவர்களை முன்னால் அனுப்பிவிட்டு அம்மாவின் நடைக்கே நடந்தீர்கள். மகளுக்கு மரக்கிளையில் மலை அணிலைக் காட்டினீர்கள் (செல்போனைத் தவிர எதையும் பார்க்காத பிள்ளை அது!). குரங்கு பறிக்காமல் தின்பண்டப் பையைத் துண்டுக்குள் மறைக்கச் சொன்னதும் நீங்கள்தான்.

அம்மா அருவியைப் பார்த்துவிட்டார். அப்புறம் கூட்டத்தில் உங்களைத் தவறவிட்டோம். ரொம்ப நன்றிங்க ஐயா. ஊன்றுகோல் சரவணம்பட்டியில் எங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்ளுங்கள், காபியும் உண்டு.