ஆறு மாதம் காத்து எரிக்கும் எலும்புகள்: திசு வங்கியிலிருந்து ஒரு திறந்த மடல்

சுகாதாரத் துறைச் செயலர் அவர்களுக்கும் இரத்த வங்கிச் சேவை இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம்.

உயிருடன் உள்ள திசுக் கொடையாளர்களின் இரத்த மாதிரிகளை உங்கள் நாட் (NAT, இரத்தத்தில் வைரஸின் மரபணுவைத் தேடும்) பரிசோதனையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருந்தோம். "திசு வங்கி இரத்த வங்கி அல்ல, விதியில் இடமில்லை" என்று பதில் வந்தது. அதே வாரம், தானமாகப் பெற்ற தொடை எலும்புத் தலைகள் மறுபடியும் எரிப்புலைக்குப் போயின. அவற்றில் எந்தத் தொற்றும் தென்படவில்லை. தொற்று இல்லை என்று எழுதிக் கையெழுத்திடத்தான் எங்களுக்கு வழியில்லை.

நடைமுறை நீங்கள் அறிந்ததே. இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் அகற்றும் எலும்புத் தலையை, எலும்பு தேவைப்படும் வேறு நோயாளிகளுக்கு வைப்பதற்காக, அந்த நோயாளியின் ஒப்புதலோடு பெறுகிறோம். அன்றே எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிஃபிலிஸ் சோதனைகள் முடிகின்றன. ஆனால் அண்மையில் தொற்றியவரின் இரத்தத்தில், தொற்றை எதிர்த்து உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள் இன்னும் தோன்றியிருக்காது; சோதனையில் தொற்று தப்பிவிடலாம். அதனால் 180 நாள் கழித்து அவரை வரவழைத்து மீண்டும் இரத்தம் எடுக்க வேண்டும். அதுவரை எலும்பு தனி ஃப்ரீசரில் கிடக்கும்.

அந்த இரண்டாவது குழாய் இரத்தம்தான் கிடைப்பதில்லை. ஆறு மாதத்தில் நோயாளி நன்றாக நடக்கத் தொடங்கியிருப்பார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி, வேறொருவருக்காக ஊசி குத்திக்கொள்ள வாருங்கள் என்று அவரை எப்படி வற்புறுத்துவது? பலருடைய தொலைபேசி எண்ணே மாறியிருக்கும். பிரசவத்தின்போது பனிக்குடச் சவ்வு (கருவைச் சுற்றியிருக்கும் மெல்லிய படலம்) தந்த தாய்மாரின் கையில் ஆறு மாதக் குழந்தை. வராதவரின் கொடை முழுவதும் கழிவு.

வருகிறவரின் எலும்பாவது மிஞ்சுகிறதா என்றால் அதுவும் இல்லை. மைனஸ் 40 டிகிரிக்குக் கீழே உறைய வைத்த எலும்பை 5 ஆண்டு வரை வைக்கலாம். மைனஸ் 20-க்கும் 40-க்கும் இடையே என்றால் 6 மாதம்தான். அந்தக் குளிரில் திசுவின் நொதிகள் முழுதாக அடங்குவதில்லை. மைனஸ் 80 ஃப்ரீசரின் கம்ப்ரசர் பழுதானால் உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அதுவரை எலும்புகளை மைனஸ் 20-க்குத்தான் மாற்றுகிறோம். கணக்கைப் பாருங்கள்: காத்திருப்பு 180 நாள், ஆயுள் 6 மாதம். மறுசோதனை முடிவு கைக்கு வரும்போது எலும்பு காலாவதி.

காமாக் கதிர் கொடுத்தால் போதாதா என்று முந்தைய கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். வழக்கமான கதிரளவான 25 கிலோகிரே பாக்டீரியாவுக்குப் போதும். வைரஸ்கள் அதைவிடத் தாக்குப்பிடிப்பவை, உறைந்த எலும்பில் இன்னும் அதிகமாக. அளவைக் கூட்டினால் எலும்புக்கு உறுதி தரும் கொலாஜன் புரதம் அறுந்து எலும்பு நொறுங்கும். சுமை தாங்க வைக்கும் எலும்பில் அந்த விஷப்பரீட்சை கூடாது.

நாட் எதிர்ப்பொருளுக்குக் காத்திராமல் வைரஸின் மரபணுவையே தேடுகிறது. தொற்றிய நாளிலிருந்து சோதனையில் தெரியும் வரை ஹெபடைடிஸ் சி-க்கு ஏறக்குறைய இரண்டு மாதமாக இருக்கும் இடைவெளி ஒரு வாரமளவுக்குச் சுருங்குகிறது, எச்.ஐ.வி.-க்கு மூன்று வாரமாக இருப்பது பத்து நாளாகிறது. இதை நம்பியே ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006/17 ஆணை, கொடை நாளன்று எடுத்த இரத்தத்தில் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி ஆகிய மூன்று வைரஸ்களுக்கும் நாட் செய்திருந்தால் 180 நாள் மறுசோதனை வேண்டாம் என்கிறது. மிச்சமிருக்கும் சில நாள் ஆபத்துக்காகக் கொடையாளரிடம் நோய் வரலாறு கேட்பதை நாங்கள் கைவிடப் போவதில்லை.

நாங்கள் கேட்பது ஒரு கொடையாளருக்கு ஒரு ஈ.டி.டி.ஏ. குழாய் (இரத்தம் உறையாமல் காக்கும் குழாய்) இரத்தத்தைச் சோதிப்பதுதான். 24 மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்து, குளிர்ப்பெட்டியில் நாங்களே கொண்டுவந்து தருகிறோம். பல மாதிரிகளை ஒன்றாகக் கலக்காமல் தனித்தனியாக ஓட்டினால் போதும். இறந்தவர்களின் மாதிரியைச் சேர்க்கச் சொல்லவில்லை. சிதைந்த இரத்தம் சோதனையையே தடுக்கக்கூடும், அதற்கெனச் சரிபார்த்த கிட் வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும்.

கருவி உங்களிடம் தினமும் ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே மக்கள் மனமுவந்து தந்த எலும்பை எரித்துவிட்டு, அதே எலும்பை அந்நியச் செலாவணி கொடுத்து இறக்குமதி செய்கிறது அரசு. வாங்க முடியாத நோயாளிக்கு அவருடைய இடுப்பு எலும்பிலிருந்தே சுரண்டி எடுக்கிறார்கள். அவருக்கு இன்னொரு காயம், இன்னொரு வலி. ஃப்ரீசர் வாங்கப் பணம் உண்டு, பராமரிக்க இல்லை. பயிற்சிக்கு ஆள் அனுப்புவீர்கள், திரும்பி வந்ததும் வேறு துறைக்கு மாற்றுவீர்கள். ஒவ்வொன்றையும் கேட்டு அலுத்துவிட்டது.

பொறுத்தருளுங்கள். இன்றைய கோரிக்கை ஒன்றுதான்: திசுக் கொடையாளர் மாதிரிகளை நாட் சோதனையில் சேருங்கள். சுற்றறிக்கையில் "இரத்தக் கொடையாளர்" என்ற சொல்லுக்குப் பின் "உயிருடன் உள்ள திசுக் கொடையாளர்" என்று சேர்த்தாலே போதும். செலவு தடையென்றால் சோதனைக் கட்டணத்தை நாங்கள் தருகிறோம். திசுவுக்கு விலை வைக்கத்தான் உலக சுகாதார அமைப்பின் 2010 வழிகாட்டு நெறிகள் தடை விதிக்கின்றன. பதப்படுத்தும் செலவைப் பெறுவதை அவை தடுக்கவில்லை.

இப்போது காத்திருப்பில் உள்ள எலும்புகளுக்குக் கொடை நாளன்றே பிரித்த பிளாஸ்மா எங்களிடம் உறைநிலையில் இருக்கிறது. கிட்டுக்குரிய சேமிப்புக் கெடு தாண்டாத மாதிரிகளைப் பட்டியலிட்டு இணைத்திருக்கிறோம். தயவுசெய்து அவற்றிலிருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
திசு வங்கிப் பணியாளர்கள்