வாசலில் வைத்த அளவு

கோவில்பட்டி,
ஞாயிறு இரவு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் நலம். போன வாரம் போனில், "சைக்கிளில் போகும்போது கேட்க ஒரு இயர்போன், வீட்டில் கம்ப்யூட்டருக்கு ஒரு ஸ்பீக்கர். எது வாங்கலாம் அப்பா?" என்று கேட்டாய். நாற்பது வருடம் மைக் செட் கடை வைத்திருந்தவனிடம் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனாலும், யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றுமில்லை. சொல்லத் தொடங்கினால் குரல் கம்மிவிடும் என்று தோன்றியது. அதனால்தான் கடிதம்.

சித்திரையில் சென்னையில் உன் வீட்டில் பத்து நாள் இருந்தோம் இல்லையா? ஒரு நாள் காலை பால் வாங்கிக்கொண்டு விஜயநகர் முனையில் நின்றுகொண்டிருந்தேன். நீ சைக்கிளில் தரமணி சாலைக்குத் திரும்பினாய். உனக்குப் பின்னால் ஒரு தண்ணீர் லாரி. ஓட்டுநர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நடைபாதையில் பூக் கட்டிக்கொண்டிருந்த அம்மாள் தலையைத் தூக்கிப் பார்த்தார். டீக்கடையில் நின்றவர்கள் பார்த்தார்கள். நீ திரும்பவில்லை. உன் தோளில் ஓர் அசைவுகூட இல்லை. லாரி உன் கைப்பிடிக்கு ஒரு முழம் தள்ளிப் போனது. அது போன பிறகுதான் நீ திடுக்கிட்டு ஓரம் ஒதுங்கினாய். இரண்டு காதிலும் வெள்ளையாக அடைப்பான். அன்று மாலை நீ சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாய். எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்றும் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். போன புரட்டாசியில் நல்ல மழை பெய்த ஓர் இரவில் அம்மா, "இந்தச் சுவர்க்கோழி தூங்க விடாது போலிருக்கிறதே" என்றாள். எந்தச் சுவர்க்கோழி என்று கேட்டேன். அடுப்படி ஜன்னலுக்குக் கீழே, இவ்வளவு சத்தமாகக் கத்துகிறதே என்றாள். எழுந்து போய் ஜன்னல் கம்பியில் காதை ஒட்டி வைத்துக்கொண்டு நின்றேன். அம்மா டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினாள். உரலுக்குப் பக்கத்தில் ஒரு விரல்நுனி அளவு பூச்சி. இறக்கையைத் தூக்கி வைத்து அதிர வைப்பது நன்றாகத் தெரிந்தது. எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

மார்கழியில் காது டாக்டரிடம் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து ஒவ்வொரு சுருதியாகக் கேட்கச் செய்தார்கள். தாளில் கோடு மேலேயே போய், 4,000 ஹெர்ட்ஸ் வந்ததும் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கியிருந்தது. வயதினால் வந்ததா என்று கேட்டேன். வயதினால் மட்டும் வந்திருந்தால் கோடு இப்படிப் பள்ளம் விழாது, இது சத்தத்தால் வந்த பள்ளம் என்றார். சுவர்க்கோழி கத்துவதும் ஏறக்குறைய அந்தச் சுருதியில்தானாம். 'ச', 'ஸ' போன்ற எழுத்துகளின் கூர்மையும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. நீ போனில் வேகமாகப் பேசும்போது நான் அடிக்கடி "என்னம்மா?" என்று கேட்பது அதனால்தான்.

ஒரு காதுக்குள் சுமார் 15,000 மயிர்ச்செல்கள் இருக்கின்றன. அவைதான் அதிர்வை வாங்கி நரம்புக்குக் கொடுக்கின்றன. செத்துப்போனால் மனிதனுக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் சொல்லும் கணக்கு இது: 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வேலை செய்யலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி. 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம். நம் கடையிலிருந்த கூம்பு ஒலிபெருக்கிக்கு ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபலைத் தாண்டும். கோவில் கொடை நடக்கும்போது நான் அதன் கீழேயே கட்டில் போட்டு விடிய விடியப் படுத்திருக்கிறேன். அப்போது இந்தக் கணக்கை எனக்குச் சொல்ல ஆள் இல்லை. உனக்கு நான் இருக்கிறேன்.

இனி உன் கணக்கு. பாட்டு கேட்பவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு, வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். 90 டெசிபலில் கேட்டால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். வேளச்சேரி வீட்டிலிருந்து பெருங்குடி அலுவலகத்துக்குப் போக 25 நிமிடம், வர 25 நிமிடம், ஐந்து நாள். அதுவே 4 மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது. பஸ் இரைச்சலை மீறிப் பாட்டுக் கேட்க வேண்டும் என்று வால்யூமை ஏற்றினால் 90 ஒன்றும் பெரிய உயரமில்லை. சைக்கிளில் காற்று வேறு இருக்கிறது. காது மடலில் மோதிச் சுழலும் காற்றே ஒரு சத்தம். அமெரிக்காவில் காற்றுச் சுரங்கத்தில் வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்திலேயே காதருகில் 85 டெசிபல் வந்திருக்கிறது. நீ சாதாரணமாக மிதிக்கிற வேகம் அது.

அதனால் எந்தக் கருவி நன்றாகப் பாடும் என்பதைப் பிறகு பார்க்கலாம். எது உன்னை மெதுவாகக் கேட்க விடும் என்பதை முதலில் பார்.

சாலைக்கு, காதுத் துளையை அடைக்கும் ரப்பர் மொட்டு வைத்தது வேண்டவே வேண்டாம். இரைச்சலை நீக்கும் வசதி உள்ளதும் வேண்டாம். அது என்ஜின் உறுமல் போல ஒரே சீராக வரும் தடித்த சத்தத்தை எதிரலை கொடுத்து அழிப்பது. ரயிலுக்கும் விமானத்துக்கும் அருமையான பொருள். ஆனால் உன் பின்னால் வரும் லாரியின் உறுமலும் அதே தடித்த சத்தம்தான். வெளிச்சத்தத்தை உள்ளே விடும் முறை இருக்கிறதே என்று கேட்பாய். அது மைக்கில் எடுத்துக் கொடுப்பது. மைக்கில் காற்று மோதினால் என்ன கேட்கும் என்று மைக் செட்காரன் மகளுக்குச் சொல்லவா வேண்டும்? மேடையில் மைக்குக்குப் பஞ்சுத் தொப்பி போட்டதெல்லாம் நீ பார்த்ததுதானே.

ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்கிறேன் என்பதும் எனக்குச் சம்மதமில்லை. ஹாரன் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மூளை எப்படிக் கண்டுபிடிக்கிறது தெரியுமா? சத்தம் ஒரு காதுக்கு முந்தியும் மற்றதற்குப் பிந்தியும் சேர்கிறது. அந்த இடைவெளி அதிகபட்சமே ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கை எட்டாது. அதை வைத்துத்தான் இடமா வலமா என்று தெரிந்துகொள்கிறோம். ஒரு காதை மூடினால் சத்தம் கேட்கும், திசை தெரியாது. கையில் வேறு ஒன்றுமே கிடைக்காத நாளில் ஒற்றைக் காது போட்டால், இடக் காதில் போடு. நம் ஊரில் இடப்பக்கம் போகிறோம்; முந்துகிறவர்கள் வலப்பக்கம்தான் வருவார்கள். பிரான்சில் 2015 ஜூலை முதல் சைக்கிள் ஓட்டும்போது இயர்போன் மாட்டுவதே குற்றம், ஒற்றைக் காதானாலும் சரி. கலிபோர்னியாவில் ஒரு காதுக்கு மட்டும் அனுமதி. நம் சாலையில் சட்டம் எதுவானாலும் லாரிக்கு அது தெரியாது.

நான் உனக்குச் சொல்வது எலும்பு வழி ஒலி கடத்தும் வகை. பிடரிக்குப் பின்னால் வளைந்து வரும் பட்டை, காதுக்கு முன்னே கன்ன எலும்பில் இரண்டு சிறு வில்லைகள். காதுத் துளை இரண்டும் திறந்தே இருக்கும். ஷாக்ஸ் நிறுவனத்தின் ஓப்பன்ரன் போன்றவை. சுமார் 26 கிராம்தான் எடை. மூக்குக் கண்ணாடியோடும் ஹெல்மெட் வாரோடும் ஒத்துப்போகிறதா என்று கடையிலேயே ஹெல்மெட்டைப் போட்டுப் பார்த்து வாங்கு. காது வாசலில் தொங்கி நிற்கும் திறந்த வகைகளும் இப்போது நிறைய வருகின்றன. அவையும் பரவாயில்லை. ஆனால் காற்று பட்டால் பாட்டு கரைந்துபோகும். நீர் புகாத் தரம் ஐபிஎக்ஸ்4-க்குக் குறையக் கூடாது. சென்னை வியர்வையில் உப்பு அதிகம். சார்ஜ் போடும் முனையைத் துடைக்காமல் ஒயரைச் செருகினால் சில மாதங்களில் பச்சைக் களிம்பு ஏறிவிடும்.

எலும்பு வழியில் தாளத்தின் அடி எழாது, மிருதங்கத்தின் கனத்த நாதம் தரும் தொப்பி பக்கம் பாதிதான் வரும். அந்தக் குறையை வால்யூமால் நிரப்பப் பார்க்காதே. எலும்பு வழியே போனாலும் சத்தம் போய்ச் சேருவது அதே மயிர்ச்செல்களிடம்தான்; செவிப்பறையைத் தொடவில்லை என்பதால் ஆபத்தில்லை என்று விற்பவர் சொன்னால் நம்பாதே. ஒரு பழக்கம் வைத்துக்கொள். சைக்கிளை எடுப்பதற்கு முன், உன் வீட்டு வாசலில் நின்று, உள்ளே ஓடும் மின்விசிறியின் சத்தம் கேட்கிற அளவுக்கு வால்யூமை வை. வாசலில் வைத்த அந்த அளவை வழியில் தொடாதே. விஜயநகர் சிக்னலில் பாட்டு காதில் விழவில்லை என்றால், அந்த இடத்தில் அது கேட்க வேண்டாம் என்று விட்டுவிடு. எஸ்.ஆர்.பி. டூல்ஸ் திருப்பத்துக்கு முன்பே நிறுத்திவிட்டால் அப்பாவுக்கு இன்னும் நிம்மதி. இப்போது மின்சார ஸ்கூட்டர்களும் பெருகிவிட்டன. டயர் தேய்கிற சத்தம் மட்டும்தான் அவற்றுக்கு ஹாரன்.

இனி ஸ்பீக்கர். இதைப் பற்றி எழுத எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அலுவலகம் போய் வந்த பிறகு வீட்டிலும் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாய். அந்த நேரத்தில் காதுக்குள் எதையும் மாட்டாதே. சத்தம் காற்றில் நடந்து உன்னிடம் வரட்டும். பெட்டியின் மேல் ஆயிரம் வாட், இரண்டாயிரம் வாட் என்று பி.எம்.பி.ஓ. போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதே. அது கண் இமைக்கும் நேரத்துக்குக்கூட நிற்காத கணக்கு. ஆர்.எம்.எஸ்., அதாவது விடாமல் தொடர்ந்து கொடுக்கும் வாட், எவ்வளவு என்று கேள். மேஜையில் ஒரு கை நீளத் தூரத்தில் உட்காருகிறவளுக்கு நிஜமான 10 வாட் தாராளம். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் விழும். நீயோ பக்கத்திலேயே இருக்கிறாய். மேஜை சின்னது என்றால் கிரியேட்டிவ் பெப்பிள் போதும். இரண்டு அங்குல ஸ்பீக்கர், முகத்தைப் பார்த்து 45 டிகிரி சாய்ந்திருக்கும், யுஎஸ்பி மின்சாரத்திலேயே ஓடும். பாட்டை உட்கார்ந்து கேட்க ஆசையென்றால் எடிஃபையர் ஆர்1280டி மாதிரி நான்கு அங்குல ஸ்பீக்கர் உள்ள மரப்பெட்டி ஜோடி. தனியாகத் தரையில் வைக்கும் பாஸ் பெட்டி வேண்டாம். அடுக்குமாடியில் கீழ்வீட்டுக்காரருக்குப் பாட்டு கேட்காது, இடி மட்டும் கேட்கும்.

வாங்குவதைவிட வைப்பதில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டு பெட்டிக்கும் இடையே எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரத்தில் உன் தலை இருக்க வேண்டும். மூன்றும் சமபக்க முக்கோணம். மேலே இருக்கும் சின்ன ஸ்பீக்கர் உன் காது உயரத்துக்கு வர வேண்டும். இல்லையென்றால் அடியில் இரண்டு தடித்த புத்தகம் வை. சுவர் மூலையில் தள்ளி வைத்தால் அடிநாதம் வீங்கிக் குழம்பும். ஒரு சாண் முன்னே இழு. சரியாக அமைந்துவிட்டால் பாடகரின் குரல் இரண்டு பெட்டியிலிருந்தும் வராது, நடுவே, வெறும் சுவரிலிருந்து வரும். அது வந்த அன்று எனக்குப் போன் பண்ணு.

அலுவலகக் கூட்டங்களுக்கு மட்டும், வாய்க்கருகே மைக் வரும் ஒயர் ஹெட்செட் ஒன்று வைத்துக்கொள். ப்ளூடூத் இயர்போனில் மைக்கையும் சேர்த்து இயக்கினால் பல கம்ப்யூட்டர்களில் ஒலித்தரம் போன் பேச்சு அளவுக்கு இறங்கிவிடும். எதிரில் இருப்பவர் சொல்வது புரியாமல் நீ வால்யூமை ஏற்றுவாய். எல்லாம் அங்கேதான் வந்து முடிகிறது.

இவ்வளவும் எழுதிவிட்டு எழுந்து பரணைப் பார்த்தேன். கடையை மூடியபோது விற்காமல் வைத்திருந்த நாலு அங்குல ஜோடி ஒன்று இருந்தது. தூசி தட்டி, டார்ச் பேட்டரி ஒன்றை எடுத்து முனைகளில் தொட்டுப் பார்த்தேன். இரண்டிலும் காகிதக் கூம்பு முன்னால் துள்ளி 'டக்' என்றது. அந்த 'டக்' எனக்குக் கேட்கும். ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் துள்ளினால் ஒயர் மாறியிருக்கிறது என்று அர்த்தம். அடிநாதம் காணாமல் போய்விடும். இரண்டும் சரியாக இருக்கின்றன. உள்ளே கம்பிச் சுருளில் கருகிய வாசனையும் இல்லை. நம் தச்சரிடம் தேக்குப் பலகையில் பெட்டி செய்யச் சொல்லியிருக்கிறேன். சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்று நானே கட்டிவிடுவேன். ஆகவே ஸ்பீக்கர் வாங்காதே. எலும்பு வழி இயர்போனை மட்டும் இந்த வாரமே வாங்கு, பணம் நான் அனுப்புகிறேன். அது வரும் வரை சைக்கிளில் வெறும் காதோடு போ.

அடுத்த மாதம் பத்தாம் தேதி நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்திருக்கிறேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே வந்து தாம்பரத்தில் இறங்கிவிடுவேன். அம்மா பருப்புப் பொடி கொடுத்துவிடுகிறாள். மேஜையின் நீள அகலத்தையும், நாற்காலியில் உட்கார்ந்தால் தரையிலிருந்து உன் காது எவ்வளவு உயரம் என்பதையும் டேப் வைத்து அளந்து அனுப்பு. தச்சர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
அப்பா