டெல்லியில் வேர்க்கவில்லை என்று சொன்ன மகனுக்கு

அன்புள்ள தம்பி,

நேற்று போனில், "இங்க 44 டிகிரிம்மா, ஆனா நாகப்பட்டினம் மாதிரி வேர்க்கவே இல்ல" என்றாய். அதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. வேர்க்காமல் இல்லை, தம்பி. டெல்லிக் காற்றின் வறட்சியில் வேர்வை தோலில் நிற்பதற்குள் காய்ந்துவிடும். நம்ம ஊரில் சட்டை நனைந்ததும் தண்ணீர்ச் செம்பைத் தேடுவோம். அங்கே சட்டை காய்ந்தே கிடக்கும், உடம்பில் தண்ணீர் குறைந்துகொண்டே போகும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதே. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை என்று வைத்துக்கொள்.

வேர்வையோடு உப்பும் போகிறது. மோரில் உப்புப் போட்டுக் குடி. நாங்கள் கரோல் பாகில் இருந்தபோது பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் மாங்காயைச் சுட்டு, கருப்பு உப்பும் சீரகமும் சேர்த்து ஆம் பன்னா கரைத்துத் தருவார். உங்கள் தெருவிலும் விற்பார்கள், ஆனால் அந்த ஐஸை நம்ப முடியாது, வீட்டிலேயே செய். மத்தியானம் மேற்கேயிருந்து லூ என்கிற அனல்காற்று வீசும்போது வெளியே போகாதே. போயே ஆகவேண்டுமென்றால் பருத்தித் துண்டால் தலை, காது எல்லாம் மூடிக்கொள்.

அப்புறம் கூலர். அது தண்ணீரில் நனைத்துத்தான் காற்றைக் குளிரவைக்கும், ஏசி போல எல்லாவற்றையும் சாத்திவிட்டு ஓட்டாதே. ஈரக்காற்று வெளியேற வழியில்லாவிட்டால் அறை புழுங்கிப்போகும், ஒரு ஜன்னலாவது திறந்திருக்கட்டும். முனிர்காவில் உன் அறை மொட்டைமாடிக்கு நேர் கீழே வேறு. பகலில் வாங்கிய சூட்டை அந்தக் கூரை ராத்திரியெல்லாம் இறக்கும். கூலர் தொட்டியை வாரம் ஒருமுறை காலிசெய்து தேய்த்துக் கழுவு, டெங்குக் கொசு அதில்தான் முட்டையிடும்.

இதை மட்டும் கவனமாகப் படி. உன் அறை நண்பனோ, வாசலில் நிற்கும் டெலிவரிப் பையனோ உடம்பு கொதிக்கப் பேச்சுக் குழறினால், புத்தி தடுமாறினால், அது ஹீட் ஸ்ட்ரோக். காய்ச்சல் மாத்திரை அதற்குக் கேட்காது. 112-ஐக் கூப்பிடு. வண்டி வரும்வரை சும்மா நிற்காதே. நிழலில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி விசிறு, கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வை. நினைவு தெளிவாக இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாதே. ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் 2024இல் இதற்கென்றே தனிப் பிரிவு தொடங்கினார்கள், ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் கிடத்திச் சூட்டை இறக்க. எவ்வளவு சீக்கிரம் குளிர வைக்கிறோமோ அவ்வளவுக்கு உயிர் பிழைக்கும்.

நாலு ஓஆர்எஸ் பாக்கெட் வாங்கி வை. ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு லிட்டரிலேயே கரைக்கவேண்டும், டம்ளரில் கரைக்காதே. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது கூலரை எந்த ஜன்னலில் வைத்திருக்கிறாய் என்று சொல்.

அன்புடன்,
அம்மா