பஞ்சு பிழைத்தது

அன்புள்ள செல்வி,

ஆறு மாதமாக எழுதவில்லை, திட்டிக்கொள். அத்தைக்கு முழங்கால் தேவலை. இவர் வழக்கம்போல. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன செவ்வாய் ராத்திரி கொல்லையில் தடாரென்று சத்தம். டார்ச்சோடு ஓடினால், என் முயல் பஞ்சுவின் கூண்டு மேல் ஒரு கடுவன் பூனை. விரட்டினேன். பஞ்சு மேல் ஒரு கீறல்கூட இல்லை. "ஒன்றும் ஆகலை, வந்து படு" என்றார் இவர். நானும் படுத்துவிட்டேன். அங்கேதான் தப்பு. காலையில் கொத்தமல்லியை நீட்டினால் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ராத்திரி வைத்த புல் அப்படியே இருந்தது. ஒரு புழுக்கை இல்லை.

முயலுக்குக் கடி வேண்டியதில்லையாம், பயமே போதுமாம். குடல் வேலை செய்யாமல் நின்றுவிடும். 12 மணி நேரம் தின்னாமல் கிடந்தாலே தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டும் என்றார் டாக்டர். ஊசி போட்டு, கரைத்த தீனியைச் சிரிஞ்சில் ஊட்டி, மறுநாள் மத்தியானம் நாலு புழுக்கை. நாலு! பேரன் பிறந்த மாதிரி தெருவுக்கே சொன்னேன்.

என் கூண்டு கோழிவலை. கோழி வெளியே போகாமல் இருக்க அது போதும். தெருநாய் பல்லுக்கு அது வெறும் நூல். பாம்பும் ஓட்டையில் நுழைந்துவிடும். இப்போது அரை இஞ்ச் வெல்டு மெஷ், அதாவது பற்றவைத்த கெட்டிக் கம்பிவலை, அடித்தாயிற்று, தரைக்கு அடியிலும் போட்டு மேலே மண் பரப்பிவிட்டேன். கீரி தோண்டி வர முடியாது, பஞ்சுவும் தோண்டிப் போக முடியாது. உள்ளே அகலவாய்ப் பானை ஒன்றைப் படுக்கவைத்திருக்கிறேன், பயந்தால் ஒளிய.

வெயில்தான் இன்னும் கவலை. கொடைக்கானல் பக்கம் மன்னவனூர் பண்ணையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு முயல் பார்த்தோமே! இங்கே திருச்சியில் ஏப்ரலிலேயே 40 டிகிரி. 30-ஐத் தாண்டினாலே பஞ்சுவுக்குத் திண்டாட்டம். வியர்க்காது, காது வழியாகத்தான் சூடு இறங்கவேண்டும். கூண்டு மேல் இருந்த தகரத்தைப் பிடுங்கிவிட்டுக் கீற்று போட்டேன். மத்தியானம் வீட்டுக்குள் கொண்டுவந்து, ஐஸான தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்கிறேன். அதில் சாய்ந்துகொண்டு ஜமீன்தார் மாதிரி படுத்திருக்கிறது.

அரளிச்செடி மட்டும் பாக்கி. தின்றால் விஷம், வெட்டிவிடலாம் என்றால் பூஜைக்குப் பூ வேண்டும் என்று அத்தை பிடிவாதம். இப்போதைக்குச் சுற்றிச் செங்கல் அடுக்கியிருக்கிறேன்.

மே மாதம் வருகிறாய் அல்லவா? காதைப் பிடித்துத் தூக்கக்கூடாது என்று உன் பையனிடம் இப்போதே சொல்லிவை.

உன்
கோமதி