மூணு சைபரைப் பத்தி ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க,

போன இதழ்ல ஸ்பெயின் ஃபுட்பால் கிளப்புங்க பார்சிலோனாவும் ரியல் மாட்ரிட்டும் வாங்கின ஆளு, வித்த ஆளு எல்லாரையும் விலையோட ஒரு பக்கம் பூரா டேபிளா போட்டு, மேல “அள்ளி விட்ட பார்சா, அடக்கி வாசிச்ச மாட்ரிட்”னு தலைப்பும் குடுத்திருந்தீங்க. நான் பார்சா ரசிகன், வயித்தெரிச்சல்ல எழுதறான்னு நினைச்சுக்காதீங்க, எரிஞ்சுது, இல்லேங்கல, ஆனா நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில கணக்கு எழுதறவன், எனக்கு உறுத்துனது வேற. அந்த டேபிள்ல மூணு பேருக்கு நேரா விலைன்னு வெறும் சைபர் போட்டு விட்டுட்டீங்க. 2020-ல பார்சாவை விட்டு அட்லெடிகோங்கற இன்னொரு ஸ்பெயின் கிளப்புக்குப் போன சுவாரஸ், 2021-ல பார்சாவை விட்டு பாரிஸ் கிளப் பிஎஸ்ஜிக்குப் போன மெஸ்ஸி, 2024-ல மாட்ரிட்டுக்கு வந்த எம்பாப்பே. முழு கதையும் அந்த மூணு சைபருக்குள்ளதான் இருக்குங்க.

முதல்ல பார்சாவுல ஆடிட்டிருந்த நெய்மார்ல இருந்து வரேன். 2017 ஆகஸ்ட்ல அவரோட ரிலீஸ் கிளாஸ் காசு, அதாவது கான்ட்ராக்ட்டை முறிச்சுட்டுப் போக கட்ட வேண்டிய தொகை, 222 மில்லியன் யூரோவை ஸ்பெயின் லீக்கை நடத்தற லா லிகா வாங்க மாட்டேன்னுட்டாங்க, அப்புறம் வக்கீலுங்க நேரா பார்சா ஆபீஸ்லயே கட்டிட்டு ஆளை பிஎஸ்ஜிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. உங்க டேபிள்ல அது வரவு. சரிதான். ஆனா எங்க பக்கம் பைபாஸ் ரோட்டுக்கு நிலம் போனவங்களைப் பாத்திருக்கேன், செக் பாஸாகறதுக்கு முன்னாடியே கார் புரோக்கர், சைட் புரோக்கர், சீட்டு புடிக்கறவர்னு வாசல்ல நிப்பாங்க, எதைக் கேட்டாலும் ஒண்ணரை மடங்கு விலை சொல்லுவாங்க, ஏன்னா கையில எவ்வளவு இருக்குன்னு ஊருக்கே தெரியும். பார்சாவுக்கும் அதே கதிதான். இருபது வயசு டெம்பெலேவுக்கு அவரோட ஜெர்மன் கிளப் டார்ட்மண்ட் 105 மில்லியன், மேல 40 வரைக்கும் போனஸ்னு நின்னாங்க, கட்டினாங்க. அடுத்த ஜனவரியில கூட்டின்யோவுக்கு இங்கிலாந்து கிளப் லிவர்பூல் 120, மேல 40. அதையும் கட்டினாங்க. லிவர்பூல் அந்த வருஷமே வான் டைக், அலிசன்னு ரெண்டு பேரை வாங்கி டீமை நிறுத்திட்டாங்க, 2019-ல அவங்க கிரவுண்ட் ஆன்ஃபீல்ட்ல 4-0ன்னு பார்சாவை அனுப்பி வச்சப்ப அந்த ரெண்டு பேருமே கிரவுண்ட்ல இருந்தாங்க. அதோட விட்டுச்சா, கூட்டின்யோவை ஜெர்மன் கிளப் பேயர்னுக்கு லோன்ல, அதாவது இரவலா குடுத்து, 2020-ல பேயர்ன் 8-2ன்னு பார்சாவை அடிச்ச மேட்ச்ல அவரு பார்சாவுக்கு எதிராவே ரெண்டு கோல் போட்டாரு. அன்னிக்கு நான் ஆறாவது கோலோட டிவியை ஆஃப் பண்ணிட்டுப் படுத்துட்டேன், காலைல பாத்தா எட்டு.

இப்ப கணக்குக்கு வரேன். நாங்க ஒரு நிட்டிங் மெஷின் வாங்கினா முழு விலையையும் அந்த வருஷமே செலவுல எழுத மாட்டோம், வருஷா வருஷம் தேய்மானம்னு கொஞ்சம் கொஞ்சமா எழுதுவோம். பிளேயரும் அப்படித்தான், 100 மில்லியனுக்கு வாங்கி 5 வருஷ கான்ட்ராக்ட் போட்டா வருஷத்துக்கு 20தான் செலவு. ஆனா வித்தா வர்ற லாபம் பூரா அந்த வருஷக் கணக்குலயே ஏறிடும். இந்த ஓட்டை தெரிஞ்சாதான் 2020 ஜூன்ல நடந்த கூத்து புரியும். நமக்கு மார்ச் 31 மாதிரி அவங்களுக்கு ஜூன் 30, கணக்கு முடிக்கற நாள். அதுக்கு ஒரு நாள் முன்னாடி 23 வயசு ஆர்தரை 72 மில்லியன்னு இத்தாலி கிளப் யுவென்டஸுக்கு எழுதிக் குடுத்துட்டு, அங்க இருந்து 30 வயசு பியானிச்சை 60 மில்லியன்னு எழுதி வாங்கினாங்க. கை மாறின காசு கொஞ்சம்தான், புக்ல மட்டும் ரெண்டு பக்கமும் லாபம். எங்க ஆடிட்டர் கிட்ட இப்படி ஒரு என்ட்ரி கொண்டு போனா கண்ணாடியைக் கழட்டி வச்சிட்டு என்னைத்தான் பாப்பாரு. உங்க டேபிள் அந்த 72-ஐயும் 60-ஐயும் நிஜ வியாபாரம் மாதிரியே போட்டிருக்கு.

இதுல கிரீஸ்மான் விஷயத்தை நீங்க தொடவே இல்ல, ஒரே லீக்ல எதிரி டீமுக்கு நடுவுல நடந்த வியாபாரம்னா அதுதான். 2019-ல அட்லெடிகோகிட்ட இருந்து பார்சா அவரை வாங்கினது 120 மில்லியன், அதுலயும் கடன் வாங்கித்தான் கட்டினாங்க. ஜூலை 1-க்கு முன்னாடி ரிலீஸ் கிளாஸ் 200 இருந்துச்சு, அப்பவே பேசி முடிச்சிட்டீங்கன்னு அட்லெடிகோ சண்டைக்கு வந்தாங்க, கடைசியில பெடரேஷன் போட்ட அபராதம் 300 யூரோ. மில்லியன் இல்லீங்க, வெறும் 300. அப்புறம் ரெண்டு வருஷத்துல ஆளைத் திருப்பி அட்லெடிகோவுக்கே லோன்ல அனுப்பினாங்க, பாதி மேட்சுக்கு மேல, ஒவ்வொண்ணுலயும் 45 நிமிஷமாவது ஆடினா அட்லெடிகோ 40 மில்லியன் கட்டணும்னு கண்டிஷன். 2022-ல அட்லெடிகோ என்ன பண்ணாங்க தெரியுமா, அவரை அறுபது நிமிஷம் ஆனப்புறம்தான் இறக்கினாங்க, மேட்சுக்கு மேட்ச் அதே மாதிரி, கடிகாரத்தைப் பாத்து சப்ஸ்டிடியூட் பண்ணினது அப்பதான் பாத்தேன். பார்சா கடைசியில 20 சுமாருக்கு எழுதிக் குடுத்துட்டு வந்தாங்க.

சரி, சைபருங்க. சுவாரஸை ஏன் சும்மா குடுத்தாங்க? சம்பளம். அவரோட சம்பளம் புக்ல இருந்து போனா போதும்னு, 6 மில்லியன் வரைக்கும் போனஸ்னு ஒப்புக்கு எழுதிட்டு அனுப்பினாங்க. அந்த சீசன்ல அவரு லீக்ல 21 கோல் அடிச்சு, கடைசி நாள் வயாடோலிட் மேட்ச்ல ஜெயிக்கற கோலையும் போட்டு, கிரவுண்ட்ல உக்காந்து போன்ல வீட்டுக்குப் பேசிட்டே அழுதாரு. கப் அட்லெடிகோவுக்கு. ஒரு சம்பளத்தை இறக்கப் போயி லீக்கையே தூக்கிக் குடுத்ததுக்கு உங்க டேபிள்ல விலை சைபர்.

மெஸ்ஸியும் அதேதான். நெய்மார் போனதும் இவரும் போயிடக் கூடாதேன்னு 2017-ல போட்ட கான்ட்ராக்ட்ல நாலு வருஷத்துக்கு 555 மில்லியன் வரைக்கும்னு ஒரு ஸ்பெயின் பேப்பர் பின்னாடி போட்டு உடைச்சுது. ஒருத்தருக்கு ஏத்தினா பக்கத்துல இருக்கறவன் சும்மா இருப்பானா, எந்தக் கம்பெனியிலயும் இருக்க மாட்டான். 2021 ஆகஸ்ட்ல அப்ப பார்சா தலைவரா இருந்த லாபோர்டா வந்து கடன் 1.35 பில்லியன், சம்பளம் மட்டும் வருமானத்துல 103 சதவீதம்னு சொன்னாரு. நூறு ரூபா வரவுக்கு நூத்தி மூணு ரூபா சம்பளம், அப்புறம் கரண்ட் பில்லை எதுல கட்டறது? லா லிகா சம்பள லிமிட்ல ஒத்துக்கல, மெஸ்ஸி கண்ணைத் தொடச்சிட்டு பாரிஸ் போயிட்டாரு.

மாட்ரிட் அடக்கி வாசிச்சாங்கன்னு சொல்றீங்களே, 2000-ல ஃபிகோவை 60 மில்லியனுக்குப் பார்சாகிட்ட இருந்தே தூக்கிட்டு, அடுத்த வருஷம் டிரெயினிங் கிரவுண்ட் நிலத்தை 480 மில்லியன் சுமாருக்கு வித்தவங்க அவங்க. ஹசார்டுக்கு 100-க்கு மேல கொட்டி நாலு வருஷத்துல 7 கோல் பாத்தாங்க. ஆனா 33 வயசு ரொனால்டோவை 100 மில்லியனுக்கு வித்தாங்க, கொரோனா வந்த 2020 கோடையில காசு குடுத்து ஒருத்தரைக் கூட வாங்கல, இதை நான் ஒத்துக்கத்தான் வேணும். எம்பாப்பேயை ஃப்ரீன்னு எழுதறது மட்டும் தப்புங்க, பழைய கிளப்புக்குப் போக வேண்டிய காசு சைனிங் போனஸா அவரு கைக்குப் போச்சு, அவ்வளவுதான்.

பார்சா 2022-ல டிவி உரிமையில 25 சதவீதத்தை 25 வருஷத்துக்கு வித்துட்டு லெவாண்டோவ்ஸ்கியை வாங்கினதுக்கு நான் சப்பைக்கட்டு கட்ட வரல. சீதனக் காட்டை வித்து கெடா வெட்டின மாதிரிதான் அது.

எங்க கட்டிங் மாஸ்டர் மாட்ரிட் ஆளு. உங்க பக்கத்தைக் கிழிச்சு தண்ணி கேனுக்கு மேல ஒட்டி வச்சிருக்காரு, தண்ணி குடிக்கப் போனாலே எனக்கு அதுதான் தெரியுது. அடுத்த தடவை டேபிள் போடறப்ப விலைக்குப் பக்கத்துல சம்பளம், கான்ட்ராக்ட் எத்தனை வருஷம்னு ரெண்டு கட்டம் சேத்துப் போடுங்க. அதை நானே வெட்டி அவரு ஒட்டினதுக்கு மேலயே ஒட்டிடறேன்.

இப்படிக்கு,
ஒரு பார்சா ரசிகன்,
திருப்பூர்